பழைய ஹார்ட் டாக்டரை மறுபடி பிடிப்பது எப்படி? குமரி எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதயக் கோளாறு என்றால் திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலில் இப்போது நல்ல ஆசுபத்திரிகள் இருக்கின்றன, ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, ஆனாலும் அப்பாவுக்கு முதல் ஆஞ்சியோ செய்ததோ அம்மாவுக்கு வால்வு மாற்றியதோ, தம்பானூரில் இறங்கி மெடிக்கல் காலேஜ் பஸ் ஏறிப் போன ஏதோ ஓர் இடத்தில்தான் நடந்திருக்கும். 1956 நவம்பர் 1-ல் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே எல்லைக்கோடு போட்ட பிறகும் பெரிய நோய் என்றால் இந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

ஆபரேஷன் முடிந்த முதல் வருடம் ரிவ்யூவுக்கு ஒழுங்காகப் போவோம். அப்புறம் உடம்பு நன்றாக இருக்கும், தோட்டத்துக்குப் போகலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம், பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் மாத்திரையும் கிடைக்கும். நடுவில் ஒரு ஓணம் லீவு, ஒரு ஹர்த்தால், களியக்காவிளை செக்போஸ்டில் பாஸ் கேட்ட கொரோனா மாதங்கள், மகளுக்குப் பிரசவம். இப்படியே நாலைந்து வருடம் ஓடிப்போய், ஒரு நாள் மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றதும்தான் அந்த டாக்டர் ஞாபகம் வருகிறது. அவர் போன் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பிப்போம்.

அங்கேதான் எல்லோரும் நேரத்தை விடுகிறார்கள். டாக்டரின் போன் நம்பர் கிடைத்தாலும் பெரிய பயன் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிற மனிதர், "சார், நான் களியக்காவிளையிலிருந்து பேசுகிறேன், ஞாபகம் இருக்கா" என்றால் மரியாதைக்கு "ம்ம்" என்பார், அவ்வளவுதான். அவருக்கு முகம், பெயர், ஊர் எதுவும் நினைவிருக்காது. இடது பக்க ரத்தக்குழாயில் இன்ன இடத்தில் அடைப்பு, இத்தனை ஸ்டென்ட், ஆபரேஷன் டேபிளில் கொஞ்சம் சிக்கல் வந்தது என்று காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார். ஆகவே தேட வேண்டியது முதலில் உங்கள் கார்டையும் காகிதத்தையும். டாக்டர் அதற்கு அப்புறம்.

தேடும் முன்னால் ஒன்று

இப்போதே நெஞ்சில் அழுத்தமோ, இடது கை, தாடை, முதுகு வரை பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ, படுத்தால் மூச்சு முட்டுவதோ, மயக்கம் வந்து விழுவதோ இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்றுகூட மாரடைப்பு வரும். "நம்ம டாக்டரிடமே போயிடலாம்" என்று காரை எடுத்துக்கொண்டு பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று அந்த நெரிசலில் ஊர்ந்து போகிற நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அடைத்த குழாயைத் திறக்க ஆசுபத்திரி வாசலை மிதித்ததிலிருந்து 90 நிமிடம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு, அதனால் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் உள்ள மிக அருகிலிருக்கும் இடம் எதுவோ அங்கேதான் போக வேண்டும். அது எது என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள். அதுவும் தூரம் என்றால், 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். உயிர் பிழைத்த பிறகு பழைய டாக்டருக்குச் சொல்லிக்கொள்ளலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவசரம் இல்லை என்றால் பீரோவைத் திறங்கள்.

காகிதம்

தேட வேண்டியவற்றில் முதலிடம் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு. அது ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் ஒப்பேற்றலாம். அதன் தலைப்பில் ஆசுபத்திரி நம்பர் இருக்கும், சேர்ந்த தேதி, என்ன செய்தார்கள், எந்த யூனிட், யார் கையெழுத்து எல்லாம் இருக்கும். அடுத்தது ஆஞ்சியோ சி.டி. அதை வெறுமனே எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துத் திறக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடம் பிளாஸ்டிக் கவரில் கிடந்த சி.டி பல நேரம் திறக்காது. திறந்தால் உடனே ஒரு பென் டிரைவில் முழு ஃபோல்டரையும் காப்பி எடுத்துவிடுங்கள், படத்தை மட்டும் தனியாக எடுத்தால் டாக்டரின் கம்ப்யூட்டரில் ஓடாமல் போகலாம்.

ஈ.சி.ஜி தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சூட்டில் எழுத்து விழுகிற தாள். அலமாரியில் வைத்தாலே வருடக்கணக்கில் மங்கி வெறும் இளஞ்சிவப்புக் கட்டம் மட்டும் மிஞ்சும். பக்கத்துத் தெருவில் ஒரு மைனி, மாமாவின் முதல் ஈ.சி.ஜியைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தார். மெஷினுக்குள் போன தாள் மறுபக்கம் கருப்புப் பலகையாக வந்தது, கடைக்காரப் பையன் முழித்த முழி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஈ.சி.ஜியை லேமினேட் செய்யவே கூடாது, வாங்கிய வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். பழைய ஈ.சி.ஜி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இன்றைய ஈ.சி.ஜியில் ஒரு மாற்றம் தெரிந்தால் அது புதிதா பழசா என்று சொல்ல டாக்டருக்கு ஒப்பிட ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் புதிது என்று எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் ஒரு ராத்திரி வார்டில் படுக்கப் போடுவார்கள்.

வால்வு மாற்றியவர்களிடம் ஒரு சிறிய அட்டை இருக்கும், வால்வின் வகை, அளவு, வரிசை எண் எழுதியது. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்ரா ஆசுபத்திரி நிறுவனத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதல் முறையாக ஒருவருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வோடு நடமாடுகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், ராத்திரி அமைதியாக இருக்கும்போது நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கும் என்பார்கள். உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாத மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர் டெஸ்டும் ஆயுள் முழுக்க உண்டு. டாக்டரை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும் இவர்கள் அந்த டெஸ்டை விட்டிருக்கக் கூடாது, விட்டிருந்தால் நாளைக்கே உள்ளூர் லேபில் எடுங்கள், டாக்டர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஐ.என்.ஆர் குறிக்கும் சிறிய நோட்டு இருந்தால் அதுவும் பைலுக்குள் போகட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கம்பெனிப் பெயர், மாடல் எண் போட்ட கார்டு உண்டு, அந்தக் கருவியைச் சோதிக்கும் மெஷின் கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால் அந்தக் கார்டு இல்லாமல் போனால் அன்றைக்கு வேலை நடக்காது.

எதுவுமே கிடைக்கவில்லையா? அப்போதும் வழி உண்டு. ஆபரேஷன் நடந்த மாதமும் வருடமும், அப்போது கொடுத்த விலாசமும் போன் நம்பரும் ஞாபகம் இருந்தால் மெடிக்கல் ரெகார்ட்ஸ் பிரிவில் தேடித் தருவார்கள். 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள்படி உள்நோயாளிகளின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அனுப்பிய ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 3 வருடம் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், பெரிய ஆசுபத்திரிகள் பல அதைவிட நீண்ட காலம் வைத்திருக்கின்றன, கேட்பதால் ஒன்றும் குறையாது. நோயாளியால் வர முடியாது என்றால் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் இருவரின் ஆதார் நகலும் கொண்டு போங்கள், வாசலில் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

டாக்டர் இன்னும் அங்கே இருக்கிறாரா?

ஆசுபத்திரியின் இணையதளத்தில் கார்டியாலஜி பிரிவைத் திறந்தால் பெயர்ப் பட்டியல் இருக்கும், ஆனால் அதை முழுசாக நம்ப வேண்டாம், மாறிப்போனவர் பெயர் அதில் வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓ.பி விசாரணை நம்பருக்குப் போன் செய்து, டாக்டர் இருக்கிறாரா என்று கேட்காமல், "அந்த டாக்டரின் ஓ.பி எந்தெந்த நாள், இந்த மாதம் லீவு உண்டா" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "உண்டு" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்து நீங்கள் கிளம்பிப் போன நாளில் அவர் கான்பரன்ஸில் இருப்பார். காலை நேரத்தில் அந்த நம்பரை எடுக்கவே மாட்டார்கள், மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் முயன்றால் நிதானமாகப் பேசுவார்கள். நமக்கு மலையாளம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்றாலும் பரவாயில்லை, மெதுவாகத் தமிழில் பேசினால் அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

அவர் இப்போது அங்கே இல்லை என்று சொன்னால் எங்கே போனார் என்பதை விசாரணைக் கவுன்டரில் சொல்லத் தயங்குவார்கள். ஆசுபத்திரிக்கு எதிரே பல வருடமாக இருக்கும் மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். எந்த டாக்டரின் சீட்டு எந்த ஆசுபத்திரியின் பெயரோடு இப்போது வருகிறது என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் இரண்டு மூன்று டாக்டர்கள் இருப்பது அங்கே சாதாரணம். பழைய சீட்டின் முத்திரையில் பதிவு எண் இருக்கும், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டால் பெயர், படிப்பு, எந்த மாநிலத்தில் பதிவு என்று வரும். இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்பது அதில் தெரியாது, ஆனால் கூகுளில் கிடைத்த ஆள் நம் ஆள்தானா என்று சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு விஷயம், எல்லை தாண்டினால் பழக்கம் மாறும். நம் பக்கத்தில் அரசு ஆசுபத்திரி டாக்டர் சாயங்காலம் தனி கிளினிக் வைத்திருப்பார், அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நமக்குப் பழகிவிட்டது. கேரளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்குத் தனிப் பிராக்டிஸ் கிடையாது, தடை. மாவட்ட, தாலுகா ஆசுபத்திரி டாக்டர்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஆகவே மெடிக்கல் காலேஜ் டாக்டரின் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் குமாரபுரம், உள்ளூர் என்ற இடங்களின் தெருக்களில் சுற்றாதீர்கள். அவருக்கும் சங்கடம், நமக்கும் அலைச்சல்.

எழுதுவது

டாக்டரின் வாட்ஸ்அப் நம்பரோ ஆசுபத்திரி ஈமெயிலோ கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் செய்தி எப்படி இருக்கிறது என்பதில்தான் பதில் வருவதும் வராததும் இருக்கிறது. காலை வணக்கப் படம், "சார் இருக்கீங்களா", நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ், வெளிச்சம் இல்லாமல் எடுத்த இருபது போட்டோ, இதெல்லாம் வந்தால் அவர் திறக்கவே மாட்டார், நியாயம்தான். ஒரே செய்தியில், போன் திரையில் ஒரு முறை தள்ளினால் முடிகிற நீளத்தில், நோயாளி யார், டாக்டர் அன்றைக்குச் செய்தது என்ன, இப்போது என்ன தொந்தரவு, என்ன மாத்திரை, என்ன கேட்கிறோம் என்று வர வேண்டும். இப்படி:

"வணக்கம் டாக்டர். என் அப்பா, வயது 63, ஆசுபத்திரி நம்பர் இது. 2017 ஆகஸ்டில் நீங்கள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தீர்கள், இடது முன்புறக் குழாயில் ஒரு ஸ்டென்ட். 2020-க்கு அப்புறம் ரிவ்யூவுக்கு வரவில்லை. ஒரு மாதமாக வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, ராத்திரி தொந்தரவு இல்லை. சர்க்கரை உண்டு. இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் போன வாரம் எடுத்த ஈ.சி.ஜியும் இதோடு இருக்கின்றன. நேரில் காட்ட எந்த நாள் வரலாம், அதற்கு முன் ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

டாக்டர் மலையாளி, தமிழ் எழுத்து வாசிக்க வராது என்றால் இதையே எளிய ஆங்கிலத்தில் வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, தேதியும் எண்ணும் சரியாக இருந்தால் போதும். கேள்வியைக் கவனித்தீர்களா? "என்ன செய்யலாம் சார்" என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல முடியாது. எந்த நாள் வரலாம் என்றால் ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

போனிலேயே மருந்து மாற்றித் தரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, அதே நோய்க்காக அதே டாக்டரை நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் இருந்தால்தான் அது தொடர் ஆலோசனை. அதற்கு மேல் ஆகிவிட்டால் உங்களைப் புது நோயாளியைப் போலத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே "நேரில் வாங்க" என்று அவர் சொன்னால் அது தட்டிக்கழிப்பது இல்லை. நேரில் ஒருமுறை காட்டிவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு ஐ.என்.ஆர் ரிசல்ட் அனுப்புவது, மாத்திரை அளவு கேட்பது இதெல்லாம் போனிலேயே நடக்கும் வாய்ப்பு உண்டு. களியக்காவிளைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், குடும்பத்தில் ஒரே ஒரு ஆள்தான் டாக்டரிடம் பேச வேண்டும். துபாயில் இருக்கும் மூத்தவன் அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து மெசேஜ் போடுவான், இங்கே அப்போது பத்தரை. அதே நேரம் இளையவள் நாகர்கோவிலிலிருந்து அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டிருப்பாள், மருமகன் கூகுளில் பார்த்ததை வைத்து மூன்றாவதாக ஒன்று. டாக்டர் மூவரையும் மியூட்டில் போட்டுவிடுவார்.

போகிற நாள்

மாசி மாதத்தில் நாள் குறிக்கிறீர்கள் என்றால் ஆற்றுகால் பொங்காலை எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள். அன்றைக்கு திருவனந்தபுரம் நகரத்தின் தெருக்களெல்லாம் அடுப்பும் பானையும்தான், உள்ளூர் விடுமுறை வேறு, முந்தின நாளே ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. ஓணத்தை ஒட்டிய நாட்களும் அப்படியே. வேறு நாள் என்றால் குழித்துறையிலிருந்தோ இரணியலிலிருந்தோ காலை ரயில்தான் நல்லது, இதய நோயாளியை நெடுஞ்சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கவுன்டரில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பழைய நம்பர் கிடைக்கவில்லை, புது கார்டு போட்டுவிடலாம் என்பார்கள், வரிசையும் நீளமாக இருக்கும், பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். சரி என்று தலையாட்டினால் உங்கள் பழைய ஆஞ்சியோ, பழைய எக்கோ எதுவும் அந்தப் புது நம்பரோடு சேராது, டாக்டர் திரையைத் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வரும். பழைய நம்பரை எழுதிக் கொடுத்து, ஆசுபத்திரி கம்ப்யூட்டர் முறைக்கு மாறியபோது நம்பர் மாறியிருந்தால் அதையும் சொல்லி, இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும். மத்திய அரசின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண் வைத்திருந்தால் அதைப் பதிவு செய்யவும் சொல்லலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் பழைய ஃபைலை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே எடுக்குமா என்பதை முந்தின நாளே போனில் கேட்டுவிடுங்கள், கவுன்டரில் நின்று கேட்கிற கேள்வி இல்லை அது.

மாத்திரைச் சீட்டு போதாது, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். எல்லைப் பக்கத்தில் இது மற்ற ஊர்களைவிட முக்கியம். பாறசாலைக் கடையில் ஒரு கம்பெனி, மார்த்தாண்டம் கடையில் வேறு கம்பெனி, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து கொடுக்கும் பி.பி மாத்திரை ஒன்று, நாட்டுமருந்துக்கடை லேகியம் ஒன்று. பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்று தெரியாமல், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோகிரெல்லை இரண்டு பெயரில் இரண்டு வேளை சாப்பிடுகிறவர்கள் உண்டு, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று பல் டாக்டரிடம் போவார்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையையும் மறக்காமல் காட்டுங்கள், ரத்தம் உறையாத மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

உள்ளே போனதும் நம் ஆட்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. இவ்வளவு வருடம் வராததற்குத் திட்டுவாரோ என்று பயந்து, மாத்திரை ஒருநாளும் விடவில்லை சார் என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி அவர், மாத்திரை சாப்பிட்டும் பி.பி குறையவில்லை என்று கணக்குப் போட்டு இன்னொன்றைக் கூட்டுவார். அதைச் சாப்பிட்டு ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி விழுவோம். எப்போது நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள், விலை கட்டுப்படியாகவில்லை என்பதுதான் காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்திலோ, கேரளத்தின் காருண்யா பார்மசியிலோ கிடைக்கிற மருந்தாக மாற்றி எழுதித் தரச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

சொந்தத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனபோது நடந்தது. டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், ஒரு அசைவும் இல்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே நீல மையில் ஒரு இதயப் படம், மூன்று குழாய், நடுக்குழாயில் குறுக்கே இரண்டு கோடு, வீட்டுக்காரருக்குப் புரிய வைக்க அன்றைக்கு அவரே கிறுக்கியது. அதைப் பார்த்துவிட்டு, "இது என் படமல்லவா, அன்றைக்கு வயர் உள்ளே போகாமல் ரொம்ப நேரம் பாடுபட்டோமே, அந்த ஆளா நீங்கள்" என்றார். அதற்கு மேல் எங்களை அவசரப்படுத்தவே இல்லை. அந்தத் தாளில் மஞ்சள் கறை இருந்தது, ஓரம் கிழிந்திருந்தது. தட்டச்சு செய்த சுத்தமான நகல் மட்டும் போதும் என்று மூலத்தை வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

அவர் இல்லையென்றால்

ஓய்வு பெற்றிருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், கையில் நடுக்கம் வந்து ஆபரேஷனை நிறுத்தி ஓ.பி மட்டும் பார்க்கலாம். கடைசி ரகம் என்றால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, யோசனை சொல்ல அவர் போதும், ஆபரேஷன் வேண்டுமென்றால் யாரிடம் போக வேண்டும் என்று அவரே சொல்வார். அவர் புது இடத்துக்கு, கட்டணம் கூடின தனியார் ஆசுபத்திரிக்குப் போயிருந்தால்தான் குழப்பம். என் கருத்து இது: அவரை ஒருமுறை போய்ப் பாருங்கள், அபிப்பிராயம் வாங்குங்கள், ஆனால் செலவுள்ள சிகிச்சை என்று வந்தால் பழைய ஃபைல் இருக்கும் ஆசுபத்திரியில் அவருடைய யூனிட்டில் அன்றைக்கு ஜூனியராக இருந்தவரைத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கீழே இரண்டாவது கையெழுத்து ஒன்று இருக்குமே, பெரும்பாலும் அவர்தான். அந்தக் காலத்தில் ராத்திரி வார்டுக்கு வந்து பி.பி பார்த்தது அவர்தான், இப்போது அவரே தலைவராக இருந்தாலும் இருப்பார்.

இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும் என்றால் நடுவில் சும்மா இருக்காதீர்கள். உள்ளூரில் ஒரு பொது மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி, பி.பி, சர்க்கரை, சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள், அவரிடமே ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்குங்கள். பெரிய நிறுவனங்களில் அந்தக் கடிதம் கதவைத் திறக்கும். எக்கோவும் டிரெட்மில்லும் மட்டும் கேட்காமல் எடுக்க வேண்டாம், பெரிய டாக்டர்கள் அதைத் தங்கள் இடத்தில் மறுபடி எடுப்பார்கள், காசு இரண்டு தடவை போகும். ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாத மாத்திரையை டாக்டர் கிடைக்கவில்லை என்பதற்காகவோ பல் பிடுங்குவதற்காகவோ தாங்களாக நிறுத்தக் கூடாது. வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்டே தீர வேண்டும், பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். சின்ன வயதில் முடக்குவாதக் காய்ச்சல் வந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறவர்களும் அதை இடைவெளி விடாமல் உள்ளூரிலேயே தொடருங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் நேரே பஸ்ஸுக்கு ஓடாமல், சிஸ்டரிடமோ கவுன்டரிலோ அடுத்த ரிவ்யூ தேதியைப் போட்டு வாங்குங்கள், இடையில் சந்தேகம் வந்தால் எந்த நம்பருக்கு, எந்த நேரத்தில் கேட்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேட்டு அவர் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். புதுச் சீட்டை வெளியே இருக்கும் கடையிலேயே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை ஊர் டாக்டரிடம் கொடுங்கள், இன்னொன்று ஆசுபத்திரி நம்பரோடு வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கட்டும். ஆபத்து நேரத்தில் 108-ல் வருகிறவர் கேட்கும்போது பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.